வீட்டுக்குள் ஒரு ஒளிபரப்பு நிலையம்!

'சர்வர்' என்றதும் ஓட்டலில் இலை போடுபவர் ஞாபகம் வருகிறதா? தப்பில்லை. நான் சொல்லப் போகும் மீடியா சர்வரும் அவரைப் போலத்தான். ஹார்டு டிஸ்க் என்ற சமையலறையில் இருப்பதை, கேட்கிற டி.வி.க்குக் கொண்டு போய்ப் பரிமாறும். அவ்வளவுதான்!

அக்கா கல்யாணத்தின்போது அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். மண்டபத்துக்கு வர முடியவில்லை. "தாலி கட்டுறத மட்டுமாச்சும் காட்டுடா" என்றாள். செல்போனில் எடுத்த வீடியோவை ஹால் டி.வி.யிலும் அப்பத்தா அறை டி.வி.யிலும் காட்ட நான் செய்தது இதுதான்.

1. பரணில் கிடந்த பழைய கோர் 2 டுயோ கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டி, லினக்ஸ் ஏற்றினேன்.

2. ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டேன். 2018 டிசம்பரில் 'எம்பி' என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. முற்றிலும் இலவசம்!

3. கம்ப்யூட்டரையும் டி.வி.க்களையும் ரூட்டரோடு லேன் கேபிளால் இணைத்தேன். கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி மாறாதபடி ரூட்டரில் பதிந்து வைத்தேன்.

4. ஹால் ஆண்ட்ராய்டு டி.வி.யிலும், அப்பத்தா அறையில் சித்தப்பா கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு பெட்டியிலும் ஜெல்லிஃபின் செயலியை ஏற்றி, அந்த முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தேன். வீட்டுக்குள் படம் ஓட இன்டர்நெட்டே தேவையில்லை!

ஹாலில் ஜோராக ஓடியது. அப்பத்தா அறையிலோ விக்கி விக்கி நின்றது. "என்னடா பேராண்டி, மாப்பிள்ளை தாலியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு?"

"ரூட்டர்தான் கோளாறு. புதுசு வாங்கிரலாம்" என்றார் அப்பா. கல்யாணக் கடனே தீரவில்லை, இதில் இன்னொரு நாலாயிரமா? "ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

வீடியோ 10 நிமிடம், அதாவது 600 விநாடி. ஃபைல் அளவு 3600 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 3600 × 8 ÷ 600 = விநாடிக்கு 48 மெகாபிட். எங்கள் லேன் இணைப்போ 100 மெகாபிட். ஆக, பாதையில் நெரிசல் இல்லை!

பின் எங்கே கோளாறு? ஜெல்லிஃபின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். 'டிரான்ஸ்கோடிங்' என்று காட்டியது. பிராசஸர் 100 சதவீதத்தில் திணறிக் கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். செல்போன் 4கே வீடியோவை எச்.265 (2013) முறையில் சுருக்கியிருந்தது. ஹால் டி.வி.க்கு அது தெரியும். பழைய பெட்டிக்கு எச்.264 (2003) மட்டுமே தெரியும். பல் இல்லாதவருக்கு முறுக்கை இடித்துக் கொடுப்பது போல, சர்வர் ஒவ்வொரு ஃபிரேமையும் அந்த நேரத்திலேயே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிழட்டு பிராசஸர் என்ன செய்யும், பாவம்!

முறுக்கை முதல் நாளே இடித்து வைத்துவிட்டால்? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264, 1080பி, விநாடிக்கு 8 மெகாபிட் என்று கொடுத்து ராத்திரி ஓடவிட்டேன். காலையில் 600 மெகாபைட்டில் ஃபைல் ரெடி! இப்போது 'டைரக்ட் பிளே' என்று வந்தது. பிராசஸர் 10 சதவீதம்கூடத் தொடவில்லை.

ஒரு எச்சரிக்கை: மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். டிஸ்க் போனால் கல்யாணம் திரும்ப வராது!

அன்று தாலி கட்டும் இடம் நிற்காமல் ஓடியது. அப்பத்தா படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கி, அட்சதை போடுவது போல டி.வி.யைப் பார்த்து வீசினாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. ரூட்டர் பேச்சையும் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

நண்பர்களே, வொர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்லித் தருவது என்ன? முதலில் அளவெடு, பிறகு வெட்டு! பர்ஸுக்கும் அதே விதிதான்.