தாமதமாய் வரும் நஞ்சு

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கோமுகி ஆறு பாயும் சமவெளியில் அமைந்த நகரம் கள்ளக்குறிச்சி. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் வட்டாரம் அது. 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆனால், அவ்வூரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது 2024 ஜூன் மாதத்தில் நேர்ந்த பெருந்துயரமே. நகரின் கருணாபுரம் பகுதியில் பாக்கெட்டுகளில் விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மடிந்தனர். இறந்தோர் எண்ணிக்கை 60ஐக் கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் கூலித் தொழிலாளர்கள், பெண்களும் இருந்தனர்.

ஊறல் அளவுக்கு மீறிப் புளித்துவிட்டால் சாராயம் நஞ்சாகிவிடும் என்று ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. அது தவறான எண்ணம். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து காய்ச்சும் சாராயத்தில் மிகுதியாக இருப்பது எத்தனால். அதுவும் கல்லீரலையும் குடும்பத்தையும் மெல்ல அரிப்பதே. கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்ததோ மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ், பிசின் முதலியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு உரிய வேதிப்பொருள் அது. நிறமில்லாதது, மணத்திலும் சுவையிலும் எத்தனாலை ஒத்தது. நீர் கலந்து கொடுத்தால் குடிப்பவரால் வேறுபாடு காண இயலாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் இதே மெத்தனாலால்தான்.

இந்நஞ்சின் இயல்பை மாணவர்கள் சற்று நுணுகி அறிய வேண்டும். வயிற்றுக்குள் சென்ற மெத்தனால் உடனே கொல்வதில்லை. முதலில் அது பிற மதுவைப் போலவே மயக்கம் தருகிறது. எத்தனாலைவிடக் குறைவான மயக்கமே தருவதால், குடித்தவர் மேலும் குடிப்பதும் உண்டு. பின்னர்க் கல்லீரலிலுள்ள நொதி அதனை ஃபார்மால்டிஹைடாகவும், உடல் மேலும் அதனை ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. எறும்புக் கடியில் நம்மைச் சுருக்கென உறுத்துகிறதே, அதே அமிலம்! இது தேங்கத் தேங்க, உயிரணுக்கள் ஆக்சிஜன் இருந்தும் அதனைப் பயன்படுத்த முடியாமல் தவிக்கின்றன. ஆக்சிஜனை மிகுதியாக நாடும் பார்வை நரம்பும் மூளையின் உட்பகுதிகளும் முதலில் வீழ்கின்றன. கண்முன் வெண்பனி பெய்வதுபோல் எல்லாம் மங்குகிறது. குருதி அமிலமாகிறது, மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்குகிறது, அறிவு குழம்பி நினைவு தவறுகிறது. தூய மெத்தனால் 10 மில்லி லிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி லிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.

இம்மாற்றம் நிகழப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. கொடுமை இந்த இடைவெளியில்தான் உள்ளது. ஊமத்தையை எண்ணிப் பாருங்கள். தெருவோரத்தில் வெள்ளைப் பூவும் முள்காயுமாய் நிற்கும் அச்செடியின் விதையைப் போதைக்காகச் சாராயத்தில் கலக்கும் தீய வழக்கமும் உண்டு. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை மனத்தைத் திரித்து, இல்லாதவற்றைக் காட்டுகின்றன. நாக்கு வறள்கிறது, கண்மணி விரிகிறது, பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் ஒருவர் வெற்றிடத்தைப் பிடித்து இழுக்கிறார். அதுவும் உயிருக்கு ஊறு செய்வதே. எனினும் வீட்டார் அதனை விரைவில் கண்டு பதறுவர். மெத்தனால் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மறுநாள் வரும் தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் வழக்கமான குடியின் எச்சம் போலவே தோன்றுகின்றன. மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். காவல்துறை வழக்குப் போடுமோ என்னும் அச்சமும், அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்னும் நாணமும் சேர்ந்து மேலும் சில மணி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் துக்கத்திற்கு வந்தோருள்ளும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. சட்டத்தின் வரலாறும் இவ்வட்டாரத்தை ஒட்டியதே. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் ஒரு பகுதி இன்றும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் 2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேரின் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்தது. தண்டனை கடுமையானது நன்றே. ஆயினும் மலையில் காய்ச்சுவோரைப் பிடிப்பதால் மட்டும் தொழிற்சாலைப் பொருளான மெத்தனாலின் ஓட்டம் நின்றுவிடாது. மலைவாழ் மக்களுக்குச் சாலையும் பள்ளியும் வேலையும் சென்று சேர்ந்தனவா என்ற கேள்வியை, இத்துயரத்திற்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

உயிர் பிழைத்தோர் எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருக்குப் பார்வை நிலையாகப் போய்விடுகிறது. சிலருக்கு மூளையில் ஏற்பட்ட சேதத்தால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, பேச்சு குழறுகிறது. சுமை தூக்கியும் சுவருக்கு வண்ணம் பூசியும் பிழைத்த கைகளுக்கு இது எத்தகைய இழப்பு!

மருத்துவம் இல்லாமலில்லை. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் என்னும் மருந்து உண்டு; குருதியின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவர்; டயாலிசிஸ் மூலம் நஞ்சை வெளியேற்றுவர். இவை அனைத்தும் நேரத்தோடு ஓடும் ஓட்டம். 108 ஊர்தியில் கொண்டுவரப்பட்டவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, எதைக் குடித்தார், எப்போது குடித்தார் என்பதே. நினைவிழந்தவர் விடை சொல்ல இயலாது. முந்தைய நாள் மாலை அவர் எங்கே சென்றார், கையில் என்ன கொண்டுவந்தார் என்பதை அறிந்தவர் சில வீடுகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளையாகவே இருக்கலாம். அப்பிள்ளை தயங்காமல் சொல்லும் அந்த விடையைக் கொண்டே சிகிச்சை தொடங்குகிறது.