மழை வருமுன் விதையைக் காப்போம்

மழை முந்துமா, பிந்துமா என்பது ஒவ்வொரு கமக்காரரும் கேட்கும் கேள்வி. சொந்தக் காணியில் இருந்த காலத்தில் ஒரு போகம் பிழைத்தாலும் வீட்டில் நெல் இருந்தது. இடம்பெயர்ந்து, குத்தகைக் காணியிலோ உறவினர் காணியிலோ பயிர் செய்யும் குடும்பத்திற்கு அந்த இருப்பு இல்லை. கையிலுள்ள விதை நெல் அழிந்தால் மீண்டும் கடன்தான். ஆகவே இப்பாடத்தில், மழையை முன்கூட்டி அறியும் முறையையும், அதை வைத்துப் பயிர் செய்த ஒரு மக்களின் அனுபவத்தையும் பார்ப்போம்.

வறட்சியால் இடம்பெயர்ந்தோர்

பிறேசில் நாட்டின் வடகிழக்கில் செயாரா என்னும் மாநிலம் உண்டு. அங்கே முக்கிய மழைக்காலம் பெப்ரவரி முதல் மே வரை. சிறு கமக்காரர் மழையை மட்டும் நம்பிச் சோளமும் அவரையும் பயிரிடுகின்றனர். 1877 முதல் 1879 வரை நீடித்த வறட்சியில் அங்கு பெருந்தொகையானோர் மாண்டனர். பலர் ஊரை விட்டுக் கடற்கரை நகரங்களுக்கு நடந்தனர். 1932ஆம் ஆண்டு வறட்சியில் நகரை நோக்கி வந்தோர் வழியிலேயே மறிக்கப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டனர். முகாம் வாழ்வு என்னவென்று எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மக்களுக்குத் தமது சொந்தக் குறிகளும் உண்டு. டிசம்பர் 13, புனித லூசியா திருநாள். அதற்கு முந்திய இரவு ஆறு உப்புக் கட்டிகளை வெளியே வைப்பர். ஒவ்வொரு கட்டியும் ஒரு மாதத்தைக் குறிக்கும். எந்தக் கட்டி கரைகிறதோ அந்த மாதத்தில் மழை என்பர். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளுக்குள் மழை வந்தால் போகம் தப்பும் என்பர்.

கடல் சொல்லும் செய்தி

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் கடல் நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழமையை விடச் சூடாகிறது. நத்தார் காலத்தில் இதைக் கண்ட பெரு நாட்டு மீனவர் 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, என்று பெயரிட்டனர். அவ்வாறான ஆண்டுகளில் செயாராவில் மழை பெரும்பாலும் குறைகிறது. கடல் மெதுவாகவே சூடாகி மெதுவாகவே ஆறும். ஆதலால் மிதவைகளும் செய்மதிகளும் தரும் அளவுகளைக் கொண்டு சில மாதங்களுக்கு முன்பே ஓரளவு மதிப்பிடலாம்.

1987இல் செயாராவில் மழை சுமார் 30 வீதம் குறைந்தது. தானிய விளைச்சல் வழமையின் 15 வீதமளவுக்கு வீழ்ந்தது. 1992இல் மழை சுமார் 27 வீதம் குறைந்தது. ஆனால் அம்முறை முன்னறிவிப்பு கிடைத்திருந்தது. குறுகிய காலத்தில் விளையும் விதை வழங்கப்பட்டது. விளைச்சல் வழமையின் 80 வீதத்திற்குச் சற்று மேல் இருந்தது. இந்த வேறுபாடு முழுவதையும் முன்னறிவிப்பின் கணக்கில் எழுத முடியாது. எனினும் முன்னாயத்தம் உதவியது.

எங்கே பிழைத்தது?

பின்னர் அரசு நல்ல விதையைத் தன் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு, விதைக்கும் வேளை வந்துவிட்டதென அதிகாரிகள் கூறிய பின்னரே வழங்கியது. முதல் மழைக்கே விதைத்துப் பழகிய மக்கள் மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தனர். அறிவிப்புத் தவறிய ஆண்டுகளில் நம்பிக்கையும் தளர்ந்தது. இதிலிருந்து நாம் கற்பது ஒன்று: முன்னறிவிப்பு நல்ல ஆலோசகர், ஆனால் விதையும் முடிவும் கமக்காரரின் கையில் இருக்க வேண்டும்.

எமது மண்ணில்

அதே எல் நினோ எமக்கு வேறுவிதமாக வருகிறது. அவ்வாண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் வாய்ப்பே அதிகம். கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில் அம்மாதங்களில் மழை குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் 2025 லா நினா ஆண்டாக இருந்தும், நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது.

ஆகவே "மழை குறைய 60 வீத வாய்ப்பு" என்றால், அப்படியான பத்து ஆண்டுகளில் ஆறில் மழை குறையும், நான்கில் குறையாது என்றே விளங்கிக்கொள்ள வேண்டும். அது வாக்குறுதி அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. போகம் தொடங்குமுன் கமநல சேவை நிலையத்தில் மூன்று மாத மழை முன்னறிவிப்பைக் கேட்டறிந்து, கமக்காரர் அமைப்பில் எல்லோருக்கும் வாசியுங்கள்.

2. விதையை முழுவதும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். ஒரு பங்கை முதல் ஈரத்திற்கும், ஒரு பங்கை மழை நிலைத்த பின்னும் விதையுங்கள். ஒரு பங்கை மறு விதைப்புக்கென வையுங்கள்.

3. மழை குறையும் வாய்ப்பு அதிகமானால் மூன்றரை மாத நெல்லைக் குறைத்து, மூன்று மாத அல்லது இரண்டரை மாத நெல்லைக் கூட்டுங்கள். மேட்டு நிலத்தில் உழுந்து, பயறு, குரக்கன் இடலாம்.

4. நேரான சுவருள்ள பால்மாப் பேணி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, காலைதோறும் அடிமட்டத்தால் மழையை அளந்து கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் இதை ஒப்படைக்கலாம். புதிய இடத்தின் மழையை அறிய இதுவே எளிய வழி.

எகிப்தில் யோசேப்பு பஞ்சம் வருமென்று சொன்னதோடு நிற்கவில்லை. விளைந்த ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்தும் வைத்தார். சேமிப்பு இல்லாத முன்னறிவு பசியைத் தீர்க்காது.

கலந்துரையாட

1. கடந்த போகத்தில் எமது விதை ஏன் அழிந்தது? முன்கூட்டி அறிந்திருந்தால் எதை மாற்றியிருப்போம்?

2. எமது முதியோர் மழைக்குப் பார்த்த குறிகள் எவை? இந்த இடத்தில் அவை பொருந்துகின்றனவா?

3. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொது விதைச் சேமிப்பைத் தொடங்க என்ன தேவை? அதன் திறப்பு யார் கையில் இருக்க வேண்டும்?