பயிற்சியாளரின் மூலதனம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கடையநல்லூரில் உடற்பயிற்சிக்கூடம் தொடங்க விழையும் இளைஞர், முதலில் கருவிகள் வாங்கப் பொருள் தேடுதல் இயல்பு. ஆயினும் இத்தொழிலின் முதன்மை மூலதனம் உடலைப் பற்றிய அறிவே. பயிற்றுவோரும் முறையாகப் பயிலுதல் வேண்டும் என்பதற்காகவே அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். அதுவே இன்றைய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி.

பெரியவர்களுக்கு வாரந்தோறும் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. எனினும் மூட்டுவலியுடைய மூதாட்டிக்கும் ஓட்டப்பந்தய வீரருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. வருவோரின் வயது, நோய், பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஐயம் எழுமாயின் மருத்துவரிடம் அனுப்புதல் பயிற்சியாளரின் கடமை. அதனால் ஒரு மாதக் கட்டணம் கைவிட்டுப் போகலாம். பிறர் உடலுக்கு ஊறு நேராது. சிறுதொழிலுக்குரிய உத்யம் பதிவு இணையவழியில் கட்டணமின்றிக் கிடைக்கும். ஊராரின் நம்பிக்கையையோ நாள்தோறும் உழைத்தே ஈட்டுதல் வேண்டும்.