பத்து ஆட்டங்களை வைத்து ஓர் அணியை எடை போடலாமா?

பருவம் தொடங்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆயர் ஈத்தாமில் நான்கு விளையாட்டு ரசிகர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தே தாரிக் சொன்னால், குவளை வருவதற்குள் “இந்த ஆண்டும் ஜேடிதிதான்” என்று ஒருவர் சொல்லிவிடுவார். அதை மறுப்பது கடினம். ஜொகூர் டாருல் தாக்சிம் காற்பந்து அணி 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருக்கிறது.

அதே மேசையில் பேச்சு பள்ளி சாப்ட்பால் அணிக்கோ கல்லூரி அணிக்கோ திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “போன பருவத்தில் பத்தில் ஏழு ஜெயித்தார்கள், இந்த முறை கோப்பை அவர்களுக்குத்தான்” என்கிறார் ஒருவர். “அந்தப் பையன் மூன்று ஆட்டமாக அடிக்கவே இல்லை, மாற்ற வேண்டியதுதான்” என்கிறார் இன்னொருவர். குரலில் அதே உறுதி. ஆனால் இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் தரை அவ்வளவு உறுதியானது அல்ல. ஏன் என்பதை இந்த வாரம் கணக்கோடு பார்ப்போம். நாணயம் ஒன்றும் காகிதம் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்கவே பிறந்த அணியும் 41 முறை வெல்லும்

சாப்ட்பால் ஆடியவர்களுக்கு அதன் மூத்த சகோதரனான பேஸ்பாலைப் புரிந்துகொள்வது எளிது. பந்து சிறியது. எறிபவர் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் எறிவார். ஆட்டம் 7 சுற்றுக்குப் பதிலாக 9 சுற்று. அடித்துவிட்டு நான்கு தளங்களையும் தொட்டு வந்தால் ஓர் ஓட்டம்.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பந்து மட்டையின் நடுவில் பட்டதா, அரை விரற்கடை தள்ளிப் பட்டதா என்பதில் ஆட்டமே மாறிவிடும். நன்றாக அடித்த பந்து நேராகத் தடுப்பாளர் கையில் போய் விழும். தப்பாக அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து ஓட்டம் கொடுக்கும். அதனால் நல்ல அணியும் அடிக்கடி தோற்கும், மோசமான அணியும் அவ்வப்போது வெல்லும்.

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் லீக்கில் ஓர் அணி பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2024-இல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன காலத்தில் வேறெந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை. அந்த அணியும் 41 முறை வென்றது. 2001-இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்று பழைய சாதனையைச் சமன் செய்தது. அந்த அணியும் 46 முறை தோற்றது. அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்குக்கூட அது போகவில்லை.

இப்போது யோசியுங்கள். வொயிட் சாக்ஸ் வென்ற 41 ஆட்டங்களில் ஐந்தை மட்டும் ஒருவர் பார்த்திருந்தால், அந்த அணியைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

வகுப்பில் ஒரு லீக்

எட்டு மாணவர்களை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஓர் ‘அணி’. ஒவ்வொருவரும் நாணயத்தைப் பத்து முறை சுண்டட்டும். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. எட்டு அணிகளும் ஒரே திறமை உள்ளவை, ஏனென்றால் நாணயத்துக்குத் திறமையே இல்லை.

பத்தில் ஏழோ அதற்கு மேலோ தலை விழ ஒருவருக்கு உள்ள வாய்ப்பு 17%. எட்டுப் பேரில் குறைந்தது ஒருவருக்காவது அப்படி அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 78%. அதாவது உங்கள் வகுப்பு லீக்கில் பெரும்பாலும் ஒரு ‘பலமான அணி’ உருவாகிவிடும். அதற்கு ஒரு காரணமும் சொல்லத் தோன்றும்: “அவன் சுண்டும் முறையே தனி.”

இனி உண்மையிலேயே திறமையான ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். எந்த ஆட்டத்திலும் வெல்ல அதற்கு 60% வாய்ப்பு இருக்கிறது. பேஸ்பாலில் இது மிக உயர்ந்த தரம். அந்த அணி பத்து ஆட்டங்களில் பாதியையோ அதற்கும் குறைவாகவோ மட்டும் வெல்ல 37% வாய்ப்பு இருக்கிறது. மூன்று பருவங்களில் ஒரு பருவமாவது அது ‘சாதாரண அணி’ போலத் தெரியும். அதே அணி 162 ஆட்டங்கள் ஆடினால் இப்படித் தெரியும் வாய்ப்பு 1%-க்கும் கீழே போய்விடும்.

இதற்கு எளிய விதி ஒன்று இருக்கிறது. ஆட்டங்களின் எண்ணிக்கை 4 மடங்கானால் தற்செயலின் பங்கு பாதியாகக் குறையும். சமமான அணிகளிடையே 10 ஆட்டங்கள் நடந்தால் வெற்றி விகிதம் தற்செயலாகவே சுமார் 16% மேலும் கீழும் ஆடும். 40 ஆட்டங்களில் அது 8%. 160 ஆட்டங்களில் 4%. குறுகிய பருவம் ஆடும் பள்ளி, கல்லூரி அணிகள் எல்லாம் அந்த முதல் வரிசையில்தான் நிற்கின்றன.

வெற்றியை எண்ணாதீர்கள், ஓட்டத்தை எண்ணுங்கள்

ஆட்டங்களைக் கூட்ட முடியாது. அப்படியானால் உள்ள ஆட்டங்களிலிருந்தே அதிகத் தகவலைப் பிழிந்தெடுக்க வழி உண்டா? உண்டு. அதைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ். 1977-இல் தம் கணக்குகளைத் தாமே புத்தகமாக அச்சிட்டு விற்கத் தொடங்கினார்.

அவருடைய சூத்திரம் இது. அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, அந்த வர்க்கமும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது அந்த அணிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெற்றி விகிதம். வர்க்கங்களைக் கூட்டுவதால் இதற்குப் ‘பித்தகோரஸ் எதிர்பார்ப்பு’ என்று பெயர் வந்தது.

கற்பனையாக இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் பத்து ஆட்டங்கள் ஆடியவை.

முதல் அணி 7 வெற்றி, 3 தோல்வி. எடுத்தது 48 ஓட்டங்கள், கொடுத்தது 50. ஏழு வெற்றிகளும் ஒரே ஓர் ஓட்ட வித்தியாசத்தில் வந்தவை. மூன்று தோல்விகளும் மும்மூன்று ஓட்டங்களில். கணக்குப்படி: 2304 ÷ (2304 + 2500) = 48%.

இரண்டாம் அணி 5 வெற்றி, 5 தோல்வி. எடுத்தது 60, கொடுத்தது 40. வென்றபோது பெரிதாக வென்றது, தோற்றபோது நூலிழையில் தோற்றது. கணக்குப்படி: 3600 ÷ (3600 + 1600) = 69%.

பட்டியலில் முதல் அணி மேலே இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு யாரை நம்பலாம் என்று கேட்டால், இரண்டாம் அணியை நம்புவதே கணக்குக்கு உகந்தது. ஓர் ஓட்டத்தில் முடியும் ஆட்டம் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். ஏழு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தது அடுத்த ஆண்டும் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நடுவை நோக்கி இழுக்கும் கயிறு

1886-இல் பிரிட்டன் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 205 குடும்பங்களின் 928 பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்து எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சற்று உயரமாக இருந்தார்கள். இதைச் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்கிறோம்.

விளையாட்டிலும் இதே கதைதான். மிக நல்ல பருவத்தில் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். அடுத்த பருவத்துக்குத் திறமை கூடவே வரும், அதிர்ஷ்டம் வருவது நிச்சயமில்லை. ஆகவே முன்கணிப்பு செய்யும்போது சென்ற பருவத்தின் எண்ணைச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். எளிய வழி: 5 வெற்றி, 5 தோல்வி கொண்ட பத்துக் கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தில் 7 என்பது இருபதில் 12 ஆகும். 70% என்று சொல்ல இருந்தவர் 60% என்று சொல்வார். அணிகளிடையே ஏற்றத்தாழ்வு குறைவாக உள்ள லீக்கில் இன்னும் அதிகமாக இழுக்கலாம். ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தால் குறைவாக இழுக்கலாம்.

இந்தக் கயிறு பயிற்றுநர்களையும் ஏமாற்றும். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களிடம், பாராட்டே மாணவரை வளர்க்கும் என்று பாடம் நடத்தினார். மூத்த பயிற்றுநர் ஒருவர் எழுந்து மறுத்தார்: பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்றார். அவர் கண்டது உண்மை, சொன்ன காரணம் தவறு. மிக மோசமான முயற்சிக்குப் பிறகு வருவது, திட்டினாலும் திட்டாவிட்டாலும், பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். பள்ளித் திடலில் பிள்ளைகளைக் கத்தும் பழக்கத்துக்கும் இந்த மாயை ஒரு காரணம்.

ஆட்கள் மாறும்போது

கல்லூரி அணிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பலவும் சிறியவை. விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்ததும் ஆட்டக்காரர் போய்விடுவார். சென்ற பருவத்தின் எண்கள் இன்றைக்கு அணியில் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்கள். நம் ஐந்தாம் படிவ மாணவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போதும் இதுவே நடக்கிறது. பேஸ்பாலிலும் சாப்ட்பாலிலும் எறிபவர் ஒருவர் போனாலே அணியின் முகம் மாறிவிடும். ஆகவே “எத்தனை வென்றார்கள்” என்பதற்கு முன் “யார் மிச்சம் இருக்கிறார்கள்” என்று கேளுங்கள்.

இந்த நிலையில் அங்குள்ள பல கூட்டமைப்புகள் ஒரு நல்ல வழியைப் பின்பற்றுகின்றன. பருவத்துக்கு முன் எல்லாப் பயிற்றுநர்களும் அணிகளை வரிசைப்படுத்தித் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். தம் அணிக்கு வாக்களிக்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி. இதன் அறிவியலையும் கால்டனே காட்டினார். ஒரு கண்காட்சியில் நடந்த, மாட்டின் எடையை ஊகிக்கும் போட்டியின் சீட்டுகளைப் பெற்று ஆராய்ந்து 1907-இல் எழுதினார். 787 சீட்டுகளின் நடு மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198 பவுண்டு. வித்தியாசம் 1%-க்கும் குறைவு.

இது நடந்ததற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்காமல் எழுத வேண்டும். கடை மேசையில் முதலில் உரக்கப் பேசுபவர் மற்றவர்களின் ஊகத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறார். நான்கு பேர் பேசினாலும் கிடைப்பது ஒருவர் கருத்துதான். அடுத்த முறை பேசுவதற்கு முன் எல்லோரும் சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு விவாதியுங்கள். சுவை குறையாது, கணிப்பு கூர்மையாகும்.

அப்படியானால் ஜேடிதி?

அங்கே நாம் பார்ப்பது பத்து ஆட்டங்களை அல்ல, 11 பருவங்களை. ஒவ்வொரு பருவத்திலும் பட்டம் வெல்ல 50% வாய்ப்பு உள்ள ஓர் அணி 11 முறை தொடர்ந்து வெல்ல 2048-இல் ஒரு வாய்ப்புதான். தற்செயல் அவ்வளவு தூரம் நடக்காது. மற்ற அணிகளுக்கும் அதற்கும் இடையில் உண்மையான இடைவெளி இருக்கிறது என்றே முடிவு செய்ய வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் சில ஆட்டங்களே போதும். இடைவெளி சிறிதாக இருந்தால் நிறைய ஆட்டங்கள் வேண்டும். அந்த மேசையில் ஒருவர் சரியாகவும் மற்றவர்கள் அவசரப்பட்டும் பேசியதன் காரணம் இதுதான்.

ஒரு பிள்ளையின் பெயரை அடிக்கும் முன்

கடைசியாக, அந்த “மூன்று ஆட்டமாக அடிக்காத” பையனிடம் வருவோம். பத்து முறை மட்டையோடு நின்றால் மூன்று முறை சரியாக அடிக்கக்கூடிய ஒருவர் நல்ல ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் அடுத்த பத்து வாய்ப்புகளில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ அடிக்க 15% வாய்ப்பு இருக்கிறது. அணியில் ஒன்பது பேரும் அதே தரம் என்று வைத்தால், அவர்களில் குறைந்தது ஒருவர் இப்படிச் சறுக்க 77% வாய்ப்பு. அதாவது யாராவது ஒருவர் பெரும்பாலும் ‘அடிக்காதவர்’ ஆகிவிடுவார். அவர் யார் என்பதைத் திறமை முடிவு செய்யவில்லை. பதினைந்து வயதில் அப்படிப் பெயர் அடிக்கப்படுபவர் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வராமலே போகலாம்.

அதனால் பயிற்றுநராக இருந்தாலும் பெற்றோராக இருந்தாலும் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். பந்து மட்டையில் எப்படிப் படுகிறது, பயிற்சியில் நூறு பந்துகளில் எத்தனை நேராகப் போகிறது என்று எண்ணுங்கள். நூறு பந்து சொல்வது பத்துப் பந்து சொல்வதைவிட நம்பகமானது.

முன்கணிப்பைச் சொல்லும்போதும் எண்ணோடு சொல்லுங்கள். “60%” என்று சொல்பவர், பத்தில் நான்கு முறை தம் கணிப்பு நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பருவம் முடிந்ததும் மடித்து வைத்த சீட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்.