கள், தெளுவு, நீரா: எந்த ஊர்ச் சரக்கு உயர்ந்தது?



நம் தொழிலில் ஊர்ப் பெயர்தான் பாதி விலை. ஈரோட்டு மஞ்சள் என்றால் ஒரு விலை, வேறு ஊர் மஞ்சள் என்றால் வேறு விலை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, காங்கேயம் கொப்பரை, சேலத்து ஜவ்வரிசி என்று சொன்னவுடன் சரக்கின் தரம் கண்முன்னே வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கம் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர், "நீரா வாங்கி விற்கலாமா? எந்த ஊர்ச் சரக்கு நல்லது? சித்தூர்க் கள்ளுக்கு இருக்கிற பெயர் நம் பொள்ளாச்சி மரத்துக்கு ஏன் இல்லை?" என்று கேட்கிறார்கள். தேங்காயும் கொப்பரையும் கருப்பட்டியும் நாற்பது ஆண்டுகளாக மொத்தமாக வாங்கி விற்று வருகிறவர்கள் என்ற முறையில் நாம் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. மதுவிலக்குக்கும் நம் கொங்குச் சீமைக்கும் பழைய தொடர்பு உண்டு. ஈரோட்டுப் பெரியார் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தது 1921-ல். ராஜாஜி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. 1971-ல் கடைகள் திறந்தன, 1973-ல் கள்ளுக்கடைகள் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன, 1987-ல் மூடியவை மூடியவைதான். ஆகவே கள்ளைப் பற்றி இங்கே எழுதுவது விற்பதற்காக அல்ல. கள், தெளுவு, நீரா மூன்றும் ஒரே பாளையில் வடிகிற ஒரே சாறு. கள் விற்கும் பகுதிகளின் அனுபவத்தைத் தெரிந்துகொள்ளாமல் நீராவில் பணம் போடுவது சரியல்ல என்பதற்காக எழுதுகிறோம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், அங்கே விடுதியிலேயே சிறிய அளவில் வடித்துக் கொடுக்கும் பீரை இந்த ஊரது உசத்தி, அந்த ஊரது மட்டம் என்று ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். பீரில் ஊரை ஒப்பிடுவதற்கு நியாயம் உண்டு. பார்லி காய்ந்த தானியம், மூட்டை கட்டி எங்கும் அனுப்பலாம். ஊருக்கு ஊர் மாறுவது தண்ணீர். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அந்தக் கடின நீரில்தான் அவ்வூரின் கசப்பான பீர் நன்றாக அமைந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அது கப்பலேறி நம் நாட்டு வெள்ளைக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. செக் நாட்டுப் பில்சன் நகரத்து நீர் மிகவும் மென்மையானது. அங்கே பிறந்த பீர் வெளிர் நிறத்தில், வேறு ருசியில் இருக்கும். நம் பக்கத்தில் நீலகிரி மலையிலும் ஒரு காலத்தில் பீர் வடிசாலை இருந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து வடிசாலைகளை ஒரே கம்பெனியாக்கியபோது அவற்றில் ஒன்று நீலகிரியின் பெயரைத் தாங்கியிருந்தது. தண்ணீருக்கு ருசி உண்டு என்பதைச் சிறுவாணி குடித்து வளர்ந்த கோவைக்காரர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கள்ளிலும் தெளுவிலும் நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. தண்ணீர், சர்க்கரை எல்லாவற்றையும் மரமே கலந்து கொடுத்துவிடுகிறது. பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டு முட்டி கட்டினால் வடிகிற சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சர்க்கரை இருக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் தெளுவாக இறங்கும். தென் மாவட்டத்தார் இதையே பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளையிலும் முட்டியிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் அந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும். விடியலில் இறக்கியது இனிப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற இனிப்புக் குறைந்து போதை ஏறும். ஒரு நாளுக்குள் சாராயச் சத்து நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை போய்விடும். அப்புறம் புளிப்பு, சில நாளில் காடி. ஆக, பீருக்குத் தண்ணீர் எப்படியோ, கள்ளுக்கு அப்படி மணி நேரம். எந்த ஊர்க் கள் என்று கேட்பதைவிட எத்தனை மணிக்கு இறக்கிய கள் என்று கேட்பதுதான் சரக்குத் தெரிந்தவன் கேள்வி.

இதற்குச் சித்தூரைவிட நல்ல சான்று கிடையாது. (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர்.) பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய்க் கோபாலபுரம் தாண்டினால் சித்தூர் வட்டம் வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே கணவாய்க் காற்று, அதே தென்னை. இங்கே பாளை தேங்காயாகிறது, அங்கே கள்ளாகிறது. அவ்வளவுதான் வேறுபாடு, அதுவும் சட்டம் செய்தது. கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குப் பர்மிட்டின் பேரில் கள் போவது இந்தச் சித்தூரிலிருந்துதான். தோப்பை ஒட்டிய கடையில் காலையில் ஊற்றும் கள்ளும், கேனில் ஏறி இரவெல்லாம் பயணம் செய்து எர்ணாகுளம் பக்கம் இறங்கும் கள்ளும் பெயரளவில் ஒன்று. குடிக்கிறவன் நாக்கில் இரண்டும் வேறு வேறு. தூரம் கூடக் கூடக் கலப்படத்துக்கும் வழி கூடுகிறது. மரங்கள் கொடுக்கிற அளவுக்கும் கடைகளில் விற்கிற அளவுக்கும் பொருத்தம் இல்லை என்ற புகார் கேரளத்தில் நெடுநாளாக உண்டு. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கள்ளுக்கும் ஏதோ ஒரு நல்ல ஊரின் பெயரைச் சொல்லித்தான் ஊற்றியிருப்பார்கள்.

தெலங்கானாவில் பனங்கள்ளோடு ஈச்சங்கள்ளும் உண்டு. கிராமத்தில் மரத்தடியில் கிடைக்கும் ஈச்சங்கள்ளைக் குடித்தவர்கள் அதைப் புகழாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் நகரத்துக் கடைகளில் அல்பிரசோலம் போன்ற தூக்க மருந்துகளைக் கலந்து விற்பது அங்கே தீராத நோயாகிவிட்டது. 2025 ஜூலையில் ஐதராபாத் குகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் பல உயிர்களைக் கொண்டுபோனது.

யாழ்ப்பாணத்தார் வேறு வழி பார்த்தார்கள். இலங்கையில் பனைக்கென்றே 1978-ல் ஒரு சபை அமைந்தது. பனங்கள்ளைச் சேகரிக்கும் வேலையைக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. சூடாக்கிப் புளிப்பை நிறுத்திப் புட்டியில் அடைத்து, வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கும் அனுப்புகிறார்கள். மரத்தடிக் கள்ளின் ருசி புட்டியில் வராதுதான். ஆனாலும் இன்றைக்கு வாங்கிய புட்டியும் அடுத்த மாதம் வாங்கும் புட்டியும் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரனுக்கு அது பெரிய விஷயம்.

ஊர்ப் பெயருக்கு உண்மையான மதிப்பு வருவது சாற்றைக் காய்ச்சிய பிறகுதான். தெளுவு ஏறக்குறைய 8 லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. கருப்பட்டி மாதக்கணக்கில் நிற்கும், லாரி ஏறும், இரண்டு ஊர்ச் சரக்கை மேஜையில் பக்கத்தில் வைத்து உடைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரி மணலில் நிற்கும் பனை, கோடைக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து அதற்கொரு மணம் உண்டு, மறுக்க முடியாது. நம் காங்கேயம், தாராபுரம் மேட்டுக்காட்டுப் பனைகளின் கருப்பட்டியும் நல்ல சரக்குதான். மரமேற ஆளில்லாமல் அளவு குறைந்துபோனதால் பெயரும் மங்கிவிட்டது. இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. வெள்ளைச் சர்க்கரை விலை கருப்பட்டி விலையில் மிகச் சிறு பங்கு என்பதால் சர்க்கரைப் பாகு கலந்த சரக்கு உடன்குடிப் பெயரிலேயே வருகிறது. உடைத்த இடம் மினுமினுவென்று குருணையாகத் தெரிந்தால், கரும்புச் சர்க்கரையின் வெறும் தித்திப்பு மட்டும் நாக்கில் நின்றால், தரகர் எந்த ஊரைச் சொன்னாலும் அந்த லோடை இறக்க வேண்டாம்.

இனி நீரா. தென்னஞ்சாற்றைப் புளிக்கவிடாமல் இறக்கி விற்க 2017-ல் தமிழ்நாடு அரசு அனுமதி கொடுத்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு செய்த விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, உரிமத்தின் பேரில், இந்த அனுமதி. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பாளையிலேயே ஐஸ் பெட்டியைக் கட்டி, சுண்ணாம்பு சேர்க்காமல் சாற்றைக் குளிர்ச்சியாக இறக்கும் முறையைக் கண்டுபிடித்து அதற்குக் கல்பரசா என்று பெயரும் வைத்திருக்கிறது. பனை கோடையில்தான் கொடுக்கும், தென்னையோ ஆண்டு முழுவதும் கொடுக்கும். தேங்காய் விலை சரிந்து, 2016 முதல் வெள்ளை ஈயும் சேர்ந்து வாட்டிய தோப்புக்காரர்களுக்கு இது ஒரு கைப்பிடி. அவர்கள் நிமிர்ந்தால்தான் பொள்ளாச்சிக் கடைவீதியும் நிமிரும் என்பது நாம் அறிந்ததே. எனவே விற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எப்படி வாங்குவது என்று தெரிந்துகொண்டு விற்கவேண்டும் என்கிறோம்.

நீராவைச் சாதாரணக் குளிர்பானம் போல நினைத்துவிடக் கூடாது. குளிர்பானம் வெயிலில் கிடந்தால் சூடாகும், அவ்வளவுதான். நீரா வெயிலில் கிடந்தால் கள்ளாகும். கள் வைத்திருப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். தோப்பில் நல்ல நீராவாகப் புறப்பட்டது உங்கள் கடையில் வேறு பொருளாக மாறிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கொள்முதலின்போது ஊரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சாறு இறக்கிய தேதியும் நேரமும் கேளுங்கள். தோப்பிலிருந்து உங்கள் கடை வரை குளிர் அறாமல் வந்ததா என்று வண்டியைத் திறந்து கைவைத்துப் பாருங்கள். உரிமத்தின் நகலும் உணவுப் பாதுகாப்பு எண்ணும் இல்லாமல் ஒரு பாக்கெட்டும் இறக்க வேண்டாம். பக்கத்துத் தோப்புக்காரர் நமக்கு வேண்டியவர் என்பதற்காகக் கேனில் கொண்டுவந்து வைக்கும் சரக்கை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம். பாக்கெட் உப்பியிருந்தால் உள்ளே புளிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள், மறுபடி குளிரவைத்தால் அது திரும்பிப் போகாது.

மின்வெட்டு நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முதல் கொள்முதலுக்கு முன்பே பேசி முடித்துவிடவேண்டும். இரவில் பல மணி நேரம் மின்சாரம் நின்றிருந்தால் காலையில் பெட்டியிலுள்ள சரக்கை விற்காமல் தனியே எடுத்துவைத்து, எண்ணிக் குறித்து, உற்பத்தியாளருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அந்தச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள எழுத்துமூலம் ஒப்புக்கொள்பவரிடம் மட்டும் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாதவர் பொள்ளாச்சிக்காரராக இருந்தாலும் ஆனைமலைக்காரராக இருந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.