ஐப்பசி மழைக்கு முன் எறும்பு வழியை அடைத்துவிடுங்கள்

புரட்டாசி முடியப் போகிறது. அக்டோபர் மூன்றாவது வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அதன்பின் டிசம்பர் வரையிலான நாட்களில் பெய்துவிடும். முதல் இரண்டு மழைக்கே மண்ணுக்குள் இருக்கும் எறும்புக் கூடுகளில் தண்ணீர் இறங்கும். ஈரமில்லாத, இரை கிடைக்கும் இடம் தேடி எறும்புகள் மேலே ஏறும்போது, சுவரில் விரிசல் விட்ட வீடு முதலில் அகப்படும். வீட்டிலோ அந்த நாட்களில் கொலுச் சுண்டலும் தீபாவளிப் பட்சணமும் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் சுவர் காயாது, பூசியது ஒட்டாது. ஆகவே கீழே சொல்வதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். சமையல் மேடையில் சாரை கண்டதும் ஸ்பிரே டப்பாவை எடுக்காதீர்கள். வெளியே இரை தேடி வருபவை கூட்டின் சிறு பகுதிதான். ராணியும் புழுக்களும் மீதமுள்ள வேலைக்கார எறும்புகளும் சுவருக்குள்ளோ தரை ஓட்டுக்கு அடியிலோ பத்திரமாக இருக்கின்றன. கண்ணில் பட்ட நூறைக் கொன்றால் நாளை இன்னொரு நூறு வரும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மஞ்சள் நிறத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு பொடியாக இருக்கும் சிற்றெறும்பு இனத்தில் ஒரே கூட்டில் பல ராணிகள் வாழும். மருந்து நெடி பட்டதும் அந்தக் கூடு பிளந்து, ஒவ்வொரு பிரிவும் தனக்கொரு ராணியோடு வேறு வேறு இடத்தில் குடியேறும். சமையலறையில் அடித்த ஸ்பிரே, படுக்கையறையிலும் குளியலறையிலும் புதுக் கூடுகளை உண்டாக்குவது இப்படித்தான். பூச்சி மருந்து நெருப்பருகே ஆபத்து என்பதும், மூடாத பாத்திரத்தில் அது படியும் என்பதும் வேறு.

அப்படியானால் என்ன செய்வது? சாரை வந்தால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எங்கே நுழைகிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, நுழையும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, கதவு நிலையின் அடிப்பாகம், மேடைக் கல் சுவரோடு சேரும் கோடு ஆகிய நான்கையும் தவறாமல் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் பகலில் தெரியாத வழியும் தெரியும். எறும்புகள் வெள்ளை மணிகளைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தால் அலட்சியம் வேண்டாம். முட்டை என்று நாம் சொல்லும் அவற்றில் பல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். இரை தேட வந்த கூட்டம் அவற்றைத் தூக்கி வராது. கூடே உங்கள் வீட்டுக்கு இடம் மாறுகிறது என்று பொருள்.

வழி தெரிந்த பிறகு இரை வையுங்கள். மருந்துக் கடையில் போரிக் பவுடர் கிடைக்கும். கேரம் பலகையில் தூவுவதற்கு நாம் வாங்கிய அதே பொருள். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி போரிக் பவுடரும் போட்டு நன்றாகக் கரையுங்கள். இது சுமார் ஒரு சதவீதக் கரைசல். கூடுதலாகப் போட்டால் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து மிகுந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், அல்லது தொடாமல் விலகிவிடும். அது உயிரோடு கூட்டுக்குத் திரும்பி, குடித்ததை வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்ட வேண்டும். அந்தப் பங்கீட்டில்தான் மருந்து ராணி வரை போய்ச் சேரும்.

கரைசலில் பஞ்சை நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு டப்பாக்களில் போட்டு, சாரையின் ஓரமாக வையுங்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் முன்னைவிட அதிகமாக வரும். பதறாதீர்கள், துடைக்காதீர்கள், பக்கத்தில் வேறு மருந்து அடிக்காதீர்கள். பஞ்சு காய்வதற்குள் புதிதாக நனைத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் பலன் தெரியும். இனிப்பைச் சீண்டவில்லையா? கூட்டில் புழுக்கள் பெருகும் காலத்தில் அவற்றுக்குப் புரதம் தேவைப்படும். வேர்க்கடலையை விழுதாக அரைத்து, அதில் போரிக் பவுடரை மிகச் சிறிதளவு பிசைந்து வைத்துப் பாருங்கள். போரிக் பவுடரை வயிற்றுக்குள் போனால் விஷம் என்று நினைத்தே கையாளுங்கள். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டுங்கள், சமையல் கரண்டியால் அளக்காதீர்கள்.

சாரை அற்றுப்போன பிறகே அடைப்பு வேலை. முன்னதாக அடைத்தால் அவை வேறு ஓட்டை தேடும், உங்கள் இரையும் வீணாகும். குறி போட்ட இடங்களைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடையுங்கள். முன்னே போன எறும்பு தரையில் விட்டுச் சென்ற வாசனைத் தடம் அப்போதுதான் அழியும். வெறும் துடைப்பத்தால் பெருக்குவது போதாது. பிறகு சுவர் விரிசலுக்கு வெள்ளை சிமெண்ட், குழாய் இடுக்குக்கு எம்-சீல், ஜன்னல் சட்டத்துக்குச் சிலிக்கான். மஞ்சள் தூளும் கிராம்பும் கற்பூரமும் தடத்தைச் சிறிது நேரம் குழப்பும். கூட்டுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. இரைப் பக்கத்தில் அவற்றைத் தூவினால் நீங்கள் பட்ட பாடு பாழ்.

எறும்பு சாக்பீஸைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. பள்ளிக்கூடச் சாக்பீஸ் போலவே இருப்பதால் குழந்தைகள் எடுத்து வாயில் வைக்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பரணில் பழைய கெமாக்சின் பொடி கிடந்தால் அதையும் தூவாதீர்கள். அதிலுள்ள பி.எச்.சி. 1997-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

பட்சணத் தூக்கைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவே வைப்பது நல்ல பழக்கம். ஆனால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரே டெங்கு கொசுவுக்குத் தொட்டில் ஆகிவிடும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தாம்பாளத்தின் ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். சோப்பு கலந்த தண்ணீரில் எறும்பு மிதந்து கடக்கவும் முடியாது.

மாடித் தோட்டக்காரர்கள் செம்பருத்தி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து வளர்க்கின்றன. செடியில் அந்தப் பூச்சி உள்ளவரை வீட்டுக்குள் என்ன செய்தாலும் தீராது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்போடு கலந்து மாலையில் தெளியுங்கள். சுவரையோ ஜன்னலையோ தொடும் கிளையை வெட்டிவிடுங்கள். வெளியூரிலிருந்து தொட்டிச் செடி, மண், விறகு கொண்டு வந்தால் உதறிப் பார்த்து இறக்குங்கள். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களை 2022-ல் திணறடித்த மஞ்சள் பைத்திய எறும்பு, உலகெங்கும் இப்படிச் சரக்கோடு சரக்காகப் பரவிய இனம். அது கடிப்பதில்லை, பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுக்கிறது. அங்குள்ள மக்கள் ஆடு மேய்க்கக் காட்டுக்குள் போகவே அஞ்சினார்கள்.

ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு போனால் நீங்களாகத் திறக்கவோ மருந்து அடிக்கவோ வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மழை விட்ட மாலையில் நிலைக்கதவு ஓரம் ஒரே அளவான இறக்கைகள் உதிர்ந்து கிடந்தால், அது கறையான். அதற்கு இந்த இரை பயன்படாது, வேறு வைத்தியம் வேண்டும்.

என் கவலையெல்லாம் படுத்திருப்பவர்களைப் பற்றித்தான். தூளியின் கயிறு வழியே எறும்பு இறங்கும். குழந்தையைக் கிடத்துமுன் கயிறையும் துணியையும் உதறுங்கள், கடைவாயில் வழிந்த பாலைத் துடைத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர்களுக்கு எறும்பு கடிப்பதே தெரியாது. தினமும் இரவு அவர்களின் பாதத்தையும் புண் கட்டையும் நீங்கள் பாருங்கள். சிற்றெறும்பு கழிவிலும் நடந்து காயத்திலும் ஏறும். மருத்துவமனைகளில் அது நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவது கண்டறியப்பட்டிருக்கிறது. நெருப்பெறும்பு கடித்து முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சுவருக்குள் ஓடும் குழாய்களின் வழியே ஒரே கூட்டம் மூன்று தளங்களிலும் இரை தேடும். நீங்கள் இரை வைக்கும்போது மேல்வீட்டில் ஸ்பிரே அடித்தால் இருவருக்குமே பலனில்லை. இன்று மாலையே மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் பேசி, எல்லோரும் ஒரே நாளில் இரை வையுங்கள்.