‘ஹேவ்’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் மட்டும் ஏன் தவறு? இந்த ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ எப்படி வினையோடு வந்து சேர்ந்தன?
- ஒரு வாசகி, திட்டக்குடி

பதில்: ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் அதே ‘ஹேவ்’தான் இதுவும். ஆல்ஃபிரட் மன்னர் காலத்துப் (871–899) பழைய ஆங்கிலத்தில் மீன் பிடித்தவர், ‘பிடிபட்ட மீன் என் கைவசம் இருக்கிறது’ என்ற பொருள்படப் பேசினார். ‘பிடிபட்ட’ என்னும் சொல் மீனைச் சார்ந்து நின்று, அதற்கேற்ற வேற்றுமை விகுதியையும் ஏற்பதுண்டு. நாளடைவில் விகுதிகள் தேய்ந்தன. அந்தச் சொல் மீனை விட்டு ‘ஹேவ்’ பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டது. உடைமையைச் சொன்ன சொல் துணைவினையாகிவிட்டது.

வருதல், போதல் போன்ற வினைகளில் கைவசம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லையே! அவற்றுக்கு ஆங்கிலேயர்கள் வெகுகாலம் ‘இஸ்’ போட்டார்கள். ‘ஹீ இஸ் கம்’ அன்றைக்குச் சரியான ஆங்கிலம். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் கேட்கும் ‘கிறைஸ்ட் இஸ் ரிசன்’ அதன் மிச்சம். நம்முடைய ‘வந்திருக்கிறார்’ என்பதிலும் ‘இரு’தானே இருக்கிறது? இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது.

கைவசம் இருப்பது இன்றைய சங்கதி. ‘ஹேவ்’வை அந்தப் பழைய பொருள் இன்னும் விடவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து வெலிங்டன் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி லேக் ஹேஸ் ஃபில்ட் அப்’ என்றால் இப்போது தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ‘லாஸ்ட் வீக்’ என்று சேர்த்துவிட்டால் பேச்சு போன வாரத்துக்குப் போய்விடும். அங்கே ‘ஃபில்ட் அப்’ மட்டும்தான் செல்லும்.

ஆனால் இந்தக் கண்டிப்பு ஆங்கிலத்தில்தான் அதிகம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே ‘கைவசம்’ அமைப்பு உண்டு. ‘நேற்று’ என்ற சொல்லோடும் அது சகஜமாக வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தமிழ் ‘இரு’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் நனைந்து கிடக்கிறது. மழையை நாம் பார்க்கவில்லை. ஈரத்தைப் பார்த்து ‘ராத்திரி பெய்திருக்கிறது’ என்கிறோம். இது ஊகம். ஆகவே நாளைச் சொன்னாலும் இடறுவதில்லை. இதே ஊகத்தை ஆங்கிலத்தில் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. மழையை நீங்களே பார்த்திருந்தால் ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ போதும்.

எஸ்டர்டே, லாஸ்ட் இயர், அகோ, 2015 என்று முடிந்துபோன காலத்தைக் காட்டும் சொல் வந்தால் வெறும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வேண்டாம்; ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’ வரலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதும்போது சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் தமிழில் சரியாக யோசித்திருக்கிறார். பக்கத்திலேயே ‘மஸ்ட் ஹேவ்’ என்றும் எழுதிக் கொடுங்கள்.